சானோத்தின் பின்பக்கமும் மூபானின் வடிகாலும்: தாய்லாந்தில் வீடு தேடுவோருக்குப் பதில்கள்

வேலைக்காகவும் ஓய்வுக்காலத்துக்காகவும் தாய்லாந்து போகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் வீடு பற்றியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். அடிக்கடி வரப்போகிற சொல் 'மூபான்'. சுற்றுச்சுவர், வாசலில் காவல், உள்ளே பொதுச் சாலை என்று அமைந்த வீட்டுக் குடியிருப்பு அது. தாய்லாந்து மொழியில் கிராமத்துக்கும் இதே சொல்தான்.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவன், வயது 58. சியாங் மாயில் ஒரு மூபானில் 60 சதுர வா மனையோடு தனிவீடு பார்த்திருக்கிறேன். வெளிநாட்டவர் பெயரில் நிலம் எழுத முடியாது, ஆனால் கம்பெனி தொடங்கி அதன் பெயரில் வாங்கலாம், இல்லாவிட்டால் 30+30+30 என்று 90 வருடக் குத்தகை எழுதித் தருகிறோம் என்கிறார் தரகர். எது நல்லது? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கம்பெனி வழி வேண்டவே வேண்டாம். நிலம் வாங்குவதற்காக மட்டும் கம்பெனி தொடங்கி, 51 சதவீதப் பங்கைப் பேருக்குத் தாய்லாந்துக்காரர்களிடம் காட்டுவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பங்குதாரர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அதிகாரிகள் கேட்பார்கள். பதில் இல்லையென்றால் நிலத்தைக் குறித்த கெடுவுக்குள் விற்றாக வேண்டும். கெடு வைத்து விற்கிறவருக்கு நல்ல விலை எங்கே கிடைக்கும்?

குத்தகை முறையானதுதான். ஆனால் வீட்டுக் குத்தகைக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 30 ஆண்டு. அடுத்த இரண்டு முப்பதும் நிலத்துக்காரர் தருகிற வாக்குறுதி, அவ்வளவுதான். நிலம் கைமாறினால் ஓடிக்கொண்டிருக்கும் குத்தகை புது உரிமையாளரைக் கட்டும். புதுப்பித்துத் தருவதாகப் பழையவர் சொன்ன வாக்கு அவரைக் கட்டாது. ஆகவே கேட்கிற விலையை 30 ஆண்டால் வகுத்துப் பாருங்கள். அதே மூபானின் ஒரு வருட வாடகையைவிட அது கூடுதலாக வந்தால் வாடகைக்கே இருந்துவிடலாம்.

குத்தகை எடுப்பதென்றே முடிவு செய்தால் நான்கு காரியங்கள். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மொத்த வாடகையில் 1 சதவீதம் பதிவுக் கட்டணம், 0.1 சதவீதம் முத்திரைத் தீர்வை. பதியாவிட்டால் மூன்று வருடத்துக்கு மேல் அது செல்லாது. இரண்டாவது, குத்தகைதாரர் இறந்தால் குத்தகையும் முடிந்துவிடும் என்பதால் 'வாரிசுக்கும் செல்லும்' என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, நிலம் அதன் உரிமையாளர் பெயரில் இருந்தாலும் வீட்டை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ள முடியும். அதற்கு 'நிலத்தின் மேல் உரிமை' என்று தனியே ஒரு பதிவு உண்டு.

நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நிலப்பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத் தலையில் சிவப்புக் கருடன் இருந்தால் அது சானோத், முழுமையாக அளந்து எல்லைக்கல் நட்ட முதல்தரப் பத்திரம். பச்சைக் கருடனும் கறுப்புக் கருடனும் அதற்குக் கீழான தரங்கள். பின்பக்கத்தில் கட்டம் போட்ட பதிவேடு இருக்கும். யார் யாருக்கு எந்தத் தேதியில் என்ன செய்தார் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு வரியிலும் அதிகாரி கையெழுத்திட்டிருப்பார். அதன் கடைசி வரியில் 'ஜம்னோங்' என்று இருந்து, அதை மீட்ட பதிவு கீழே இல்லையென்றால் நிலம் வங்கி அடமானத்தில் இருக்கிறது. கட்டுமான நிறுவனம் கடன் கட்டத் தவறினால் ஏலத்துக்குப் போகும் நிலம் அது. தரகர் காட்டும் நகலை நம்ப வேண்டாம். மனை இருக்கும் பகுதியின் நில அலுவலகத்தில் அந்தப் பத்திர எண்ணின் பதிவை வழக்கறிஞர் மூலம் பார்த்துக்கொள்ளுங்கள்.

60 சதுர வா என்பது 240 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 6 சென்ட்.

ஓய்வுக்கால விசாவுக்காகத் தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாட் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதை வீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க 2 மாதம் முன்பே அது கணக்கில் இருக்க வேண்டும். கிடைத்த பிறகு 3 மாதம் தொடக்கூடாது. அதன் பிறகும் 4,00,000-க்குக் கீழே இறங்கக்கூடாது.

கையெழுத்துக்கு முன் சியாங் மாயில் ஒரு மார்ச்சும் ஒரு செப்டம்பரும் தங்கிப் பார்ப்பது நல்லது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களும் காடும் எரிகிற புகை அந்தப் பள்ளத்தாக்கில் தங்கிவிடும், மூச்சுத்திணறல் உள்ளவர்களால் தாங்க முடியாது. 2024 செப்டம்பர், அக்டோபரில் பிங் ஆறு கரைமீறி நகருக்குள் வந்தது. எதுவரை வந்தது என்று அந்த மூபான்காரர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: கணவருக்கு ரயோங் பக்கம் ஒரு கார் உதிரிபாக ஆலைக்கு மாற்றல். இரண்டு பிள்ளைகளோடு மூபானில் வாடகை வீடு தேடுகிறோம். படங்களில் எல்லா மூபானும் ஒரே மாதிரி நீச்சல் குளத்தோடு அழகாக இருக்கிறது. நேரில் எதைப் பார்த்து முடிவு செய்வது? – ஒரு வாசகி, ஓரகடம்

பதில்: குளத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் வாசலில் நின்று பார்க்க வேண்டியது, வெளிச்சாலையிலிருந்து உள்ளே போகும் பாதை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. இறங்கினால் சாலைத் தண்ணீரும் கூடவே இறங்கும். பல மூபான்களில் வடிகால் நீர் ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து பம்பு வைத்து வெளிக் கால்வாய்க்குப் போகிறது. கால்வாய் நிரம்பிவிட்டால் பம்பு ஓடியும் பயனில்லை. நல்ல மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். வடிகால் மூடித் துளைகளில் நீர் கீழே போய்க்கொண்டிருந்தால் சரி, மேலே வந்துகொண்டிருந்தால் வேறு மூபான் பாருங்கள். மழையில்லாத மாதமென்றால் சுற்றுச்சுவரின் அடியில் படுக்கையாக ஒரே மட்டத்தில் ஓடும் மண்கறையைத் தேடுங்கள். மூலைக்கடை அம்மாவிடம் 'நாம் துவம் மாய்?' என்று கேளுங்கள். 'வெள்ளம் வருமா?' என்று பொருள். தரகரைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும்.

அடுத்து நிர்வாக அலுவலகம். அங்கே 'நிதி' என்றால் எல்லாருக்கும் தெரியும், முழுப் பெயர் 'நிதி புக்கோன்'. மனைக்காரர்கள் சேர்ந்து பதிவுசெய்த அமைப்பு அது. காவல், குப்பை, தெருவிளக்கு, குளம் எல்லாம் அதன் கையில். செலவுக்கு ஒவ்வொரு வீட்டிலும் சதுர வா கணக்கில் மாதக்கட்டணம் வாங்கும். சதுர வாவுக்கு 30 பாட் என்றால் 60 சதுர வா மனைக்கு மாதம் 1,800. வழக்கமாக இது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் அவர் கட்டாவிட்டால் இடைஞ்சல் உங்களுக்கு. மூன்று மாதம் பாக்கி விழுந்தால் பொதுச் சேவைகளை நிறுத்த நிதிக்குச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் காருக்கு வாசல் அட்டை தராமல் தினமும் விருந்தாளி வரிசையில் நிறுத்துவார்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே வீட்டு எண்ணைச் சொல்லி 'பாக்கி உண்டா' என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். புதிய மூபான்களில் நிதியே அமைந்திருக்காது, கட்டிய நிறுவனம்தான் பராமரிக்கும். அங்கே இரவு 8 மணிக்குப் போய் விளக்கெரியும் வீடுகளை எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருட்டாக இருந்தால் குளமும் பூங்காவும் இதே நிலையில் நீடிக்கும் என்று நம்ப வேண்டாம்.

இனி வீட்டுக்குள். தாய்லாந்து வீட்டின் உள் சமையலறை பெரும்பாலும் கூடத்தோடு சேர்ந்து திறந்திருக்கும். மீன்குழம்பு கொதித்தால் மாடிப் படுக்கைவரை மணக்கும். அதனால் பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள், அங்கே 15 கிலோ எரிவாயு உருளை வைத்து வறுக்கலாம், தாளிக்கலாம். ஆனால் வீடு ஆழமான தூண்களின் மேல் நிற்கிறது. இந்த நீட்டிப்பு பெரும்பாலும் குட்டைத் தூண்களிலோ வெறும் நிரப்பு மண்ணிலோ நிற்கிறது. மண் அமரும்போது வீடு அசையாது, நீட்டிப்பு மட்டும் இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விழும். விரல் நுனி நுழைகிற அளவு என்றால் மழைநீர் நுழையும், பல்லியும் கரையானும் நுழையும். அந்த இணைப்பில் புதுப் பசை பூசியிருந்தால் கூரைத் தகட்டையும் அண்ணாந்து பாருங்கள். கார் நிறுத்தும் தளம் வாசற்படியிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதும் மண்ணின் கதையைச் சொல்லும்.

தண்ணீருக்கு மாடிக் குளியலறைத் தூவியையும் கீழே சமையல் குழாயையும் ஒன்றாகத் திறந்து விடுங்கள். மேலே நூலாக ஒழுகினால் பம்பு போதவில்லை. தூவித் துளைகளில் வெள்ளைப் பொருக்கும் கழிப்பறைப் பீங்கானில் செம்பழுப்புக் கோடும் இருந்தால் மூபானின் சொந்த ஆழ்துளைத் தண்ணீராக இருக்கலாம். அரசு நீரா, யூனிட் என்ன விலை என்று கேளுங்கள்.

மின்சாரத்துக்கு மாகாண மின்வாரியத்தின் கடைசி மாத ரசீதையே கேட்டு வாங்குங்கள். வாரிய விலை யூனிட் 4 பாட்டை ஒட்டி இருக்கையில், தாமே உள்மீட்டர் வைத்து 7, 8 பாட் வாங்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். மீட்டர் முகத்தில் உள்ள எண்ணையும் படியுங்கள். 15(45) என்றால் உச்சம் 45 ஆம்பியர். நான்கு ஏசிக்கு 20, குளியலறை ஹீட்டருக்கு 20, மின்னடுப்புக்கு 10 என்று போட்டால் மொத்தம் 50 ஆகிவிடும். மின்கார் வைக்கப்போகிறவர்கள் 30(100) மீட்டர் இருக்கும் வீட்டையே பார்க்க வேண்டும். ஹீட்டரில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று அணைய வேண்டும். அணையாவிட்டால், எர்த் கம்பி இல்லாவிட்டால், சரிசெய்து தரும்வரை பிள்ளைகளை அதில் குளிக்க விடாதீர்கள்.

இன்னொன்று: நெடுஞ்சாலைகளில் நடுத்தடுப்பு நீளமாக ஓடும். எதிர்ப்பக்கம் போக யூ-டர்ன் தேடி சில கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டியிருக்கும். ஆலைக்கும் பள்ளிக்கும் காலை 7 மணிக்கு ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள். வரைபடத்தில் 6 கிலோமீட்டர் என்பது வண்டியில் 11 ஆகலாம்.

கேள்வி: பாங்காக்கில் ஒரு காண்டோ (அடுக்குமாடி வீடு) என் பெயரிலேயே வாங்க முடியும் என்கிறார்கள். சென்னையிலிருந்து பணம் அனுப்புவதில் என்ன கவனிக்க வேண்டும்? – ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: முடியும். ஒரு கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம்வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். அதில் இடம் மிச்சம் இருக்கிறது என்று கட்டட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். பழைய வீடென்றால் பாக்கி இல்லை என்ற சான்றும் வேண்டும். அது இல்லாமல் நில அலுவலகம் பெயர் மாற்றாது.

பணம் அயல்நாட்டு நாணயமாகவே தாய்லாந்துக்குள் போய், அங்கே உள்ள வங்கியில் பாட்டாக மாற வேண்டும். இங்கேயே பாட்டாக மாற்றி அனுப்பினால் பெயர்மாற்றத்துக்கு அது எடுபடாது. டாலரில் அனுப்புங்கள். அனுப்புகிறவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். நோக்கம் என்ற இடத்தில் காண்டோ வாங்க என்று கட்டடத்தின் பெயரும் வீட்டு எண்ணும் எழுதச் சொல்லுங்கள். 50,000 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு வரவுக்கும் தாய்லாந்து வங்கி அயல்நாட்டு நாணயப் பரிமாற்றப் படிவம் தரும், குறைந்த தொகைக்குக் கடிதம் தரும். அந்தத் தாள்களைப் பத்திரத்தோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள். விற்ற பணத்தை வெளியே எடுக்கவும் அவைதான் சாட்சி.

நம் பக்கத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீத வரி பிடிக்கும். கணக்குத் தாக்கலில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அனுப்பும் நாளில் கையில் இருக்க வேண்டும். தாய்லாந்தில் பெயர்மாற்றக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம், வாங்குகிறவரும் விற்கிறவரும் பாதிப்பாதி கட்டுவது வழக்கம்.

கட்டட வேலியில் சாவி வைக்கும் எண் பூட்டுப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கினால் நாள்வாடகை நடக்கிறது என்று அர்த்தம். 30 நாளுக்குக் குறைவாக விடுவது ஓட்டல் சட்டத்துக்கு விரோதம். அதைக் கண்டுகொள்ளாத நிர்வாகம் தீயணைப்புக் குழாயையும் கண்டுகொள்ளாது.

கேள்வி: வீட்டுக்காரர் டிஎம்30 பதிய மறுக்கிறார். முன்பணத்தையும் திருப்பித் தரமாட்டாரோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி, சிராச்சா

பதில்: வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரர் கடமை. அதற்கான படிவம்தான் டிஎம்30. வாடகை வருமானம் வரித்துறை கண்ணில் படுமே என்று சிலர் தயங்குவார்கள். இந்த ரசீது இல்லாமல் உங்கள் விசா நீட்டிப்பு நின்றுபோகும். அவர் அடையாள அட்டை நகல், வீட்டுப் பதிவேடான 'தபியன் பான்' நகல், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் வாங்கிக்கொண்டு குடிவரவு அலுவலகத்தில் நீங்களே கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் பதிந்து தருவார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பணம் பெரும்பாலும் இரண்டு மாத வாடகை. சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு அறையையும், அலமாரி உள்பக்கம், மெத்தையின் அடிப்பக்கம் உட்பட, தேதியோடு படமெடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். ஏசி கழுவிய ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது வழக்கம். கம்பெனி மாற்றல் வந்தால் 60 நாள் அறிவிப்போடு விலகலாம் என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பாதியில் கிளம்பினால் முன்பணம் போனதுதான்.

கேள்வி: பாங்காக்கில் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைக்குமா? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: சீலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முனையில் கோயில் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்களுக்கு அது 'வாட் கேக்'. சூரசாக், செயின்ட் லூயிஸ் ரயில் நிலையங்களிலிருந்து நடக்கலாம். அந்தச் சந்துகளில் பழைய காண்டோக்களைத் தேடுங்கள். புதியவற்றைவிட அறைகள் பெரிது, சமையலறைக்குத் தனிக் கதவும் இருக்கும். பழையது என்பதால் லிப்டும் குழாய்களும் எப்போது மாற்றப்பட்டன என்று நிர்வாகத்தில் கேளுங்கள். விஜயதசமி இரவு தேர் ஊர்வலத்துக்காகச் சாலையை அடைத்துவிடுவார்கள், அன்று வீடு மாற்ற லாரி பேசாதீர்கள்.