இரண்டு மணிக்கு வரச் சொன்ன பெரியவர்

தங்கை, கனடாவில் சாஸ்கட்சுவான் மாகாணத்தில் ஒரு சிற்றூருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, முதியோர் இல்லத்தில் வேலை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்ட 96 வயது விவசாயி போய்ச் சேர்ந்துவிட்டார். சனிக்கிழமை ஊர் ஹாலில் நினைவுக் கூட்டம், பிறகு மதியச் சாப்பாடு என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். தனியாக யாரும் அழைக்கவில்லை, போகலாமா, சாவுக்குப் போன இடத்தில் சாப்பிடலாமா, வெறுங்கையோடு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் ஒரு வரி: "எல்லாரும் சிரிக்கிறார்கள், யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை அண்ணா."

போங்கள். நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்குக் கேள்விப்பட்டால் போ என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா, இங்கேயும் அதே கணக்குதான். அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொல்ல மட்டும், எனக்குத் தெரிந்த இன்னொரு பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். 2006-ல் இங்கே வந்தேன். சாஸ்கடூன் நகரத்துக்கு மேற்கே ஒன்றரை மணி நேரப் பயணம், மொத்தமே அறுநூறு பேர் உள்ள ஊர். டிராக்டர், கம்பைன் என்ற அறுவடை இயந்திரம் விற்கும் கடையில் பார்ட்ஸ் கவுண்டரில் வேலை. பெரியவருக்கு அப்போது 82 வயது. பெல்ட் வாங்க வருவார், அரைமணி நேரம் நின்று பேசுவார். நானும் வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் என்று தெரிந்ததும், வருஷத்துக்கு எவ்வளவு மழை, மண் என்ன நிறம், கிணறு எத்தனை ஆழம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் வேலையையோ சம்பளத்தையோ பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த அக்டோபரில் ஒருநாள், "ஞாயிற்றுக்கிழமை ஹாலில் வான்கோழி விருந்து, இரண்டு மணிக்கு வந்துவிடுங்கள்" என்றார். அறுவடை முடிந்ததும் ஊருக்கு ஊர் நடக்கும் பவுல் சப்பர் அது. மனைவி பட்டுச் சேலை கட்டிக்கொண்டாள். போய் நின்றால் ஹாலில் விருந்தாளி என்று ஒருவரும் இல்லை. விருந்து ஐந்து மணிக்காம். இரண்டு மணிக்கு வருகிறவர்கள் உருளைக்கிழங்கு உரிக்கிறவர்கள். ஏப்ரனைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இரவு ஒன்பது மணி வரை தட்டு கழுவினோம். "விருந்துக்குக் கூப்பிட்டுப் பாத்திரம் தேய்க்க விட்டுட்டாரே உங்க பெரியவர்" என்று வீட்டுக்கு வந்து அவள் பொருமினாள். மறுநாள் தபால் நிலையத்தில் மூன்று பேர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள்.

இங்கே வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள் தங்கை. வேலைக்குக் கூப்பிடுவார்கள். அதுதான் அழைப்பு என்று புரிய எனக்கு அந்த ஒரு ஞாயிறு போதுமானதாக இருந்தது, மனைவிக்கு இரண்டு வருஷம் ஆனது.

பெரியவர் பிறந்தது 1924-ல். சாஸ்கட்சுவான் வீட் பூல் என்ற கோதுமை விவசாயிகளின் கூட்டுறவு தொடங்கியதும் அதே வருஷம். "பூலுக்கும் எனக்கும் ஒரே வயது" என்பார். அவருடைய அப்பா பத்து டாலர் கட்டணம் கட்டி ஒரு குவார்ட்டர் நிலம் எடுத்தவர். (இங்கே குவார்ட்டர் என்றால் 160 ஏக்கர். நம் ஊரில் அது வேறு அளவு.) மூன்று வருஷத்துக்குள் உழுது வீடும் கட்டினால் நிலம் சொந்தம், அதுதான் அந்தக் காலச் சட்டம். 1876-ல் அரசு பூர்வகுடிகளோடு ஆறாம் ஒப்பந்தம் போடும் வரை அது க்ரீ என்ற பூர்வகுடி மக்கள் உலவிய பூமி. அதைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

1937 வறட்சியை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். மாகாணம் முழுவதும் சராசரி பார்த்தால் ஏக்கருக்கு மூன்று புஷல் (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ) கூடத் தேறாத வருஷம். மாட்டுக்குத் தீனி இல்லாமல் ரஷ்ய முள்செடியை வெட்டிப் போட்டார்கள். கிழக்குக் கடற்கரையிலிருந்து ரயிலில் நிவாரணமாக உப்பிட்ட காட் மீன் வந்தது. கருவாடு! கடலையே பார்க்காத சனம், அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருடைய அம்மா ஊறவைக்காமலே வேகவைத்துவிட்டாராம், வாயில் வைக்க முடியவில்லையாம். எங்கள் பாட்டி கையில் கிடைத்திருந்தால் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்திருப்பாள் என்றேன். அடுத்த தடவை சாஸ்கடூன் போனபோது தேடிப்பிடித்து ஒரு துண்டு வாங்கிவந்து கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார் மனிதர். குழம்பு வைத்துக் கொடுத்தோம். எழுபது வருஷம் கழித்து அந்த மீனை மன்னித்துவிட்டதாகச் சொன்னார்.

1950-களில் பண்ணை வீடுகளுக்கு மின்சாரம் வந்த கதையும் உண்டு. 1949-ல்தான் அதற்குச் சட்டம் போட்டார்கள். ஒரு வட்டாரத்தில் போதுமான வீடுகள் பணம் கட்டச் சம்மதித்தால்தான் கம்பி இழுப்பார்கள். இருபத்தைந்து வயதைத் தாண்டிய இவர் குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார். எண்ணெய் விளக்கே போதும் என்று பிடிவாதம் பிடித்த ஒரு கிழவர் வீட்டுக்கு மட்டும் ஆறு தடவை.

அப்புறம் 1962. ஜூலை 1-ல் அரசு மருத்துவக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது, அதை எதிர்த்து அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தம். 23 நாள் நடந்தது. இன்று நீங்கள் வாங்கும் மருத்துவ அட்டைக்குப் பின்னால் இப்படி ஒரு சண்டை இருக்கிறது. ஊர் இரண்டாகப் பிளந்தது. இவர் காப்பீட்டுப் பக்கம், இவருடைய மைத்துனர் டாக்டர்கள் பக்கம். பேச்சு நின்றுபோனது. ஆனால் இருவரும் கர்லிங் ரிங்க் (ஐஸ் தரையில் கல்லைச் சறுக்கி விளையாடும் இடம்) குழுவில் இருந்தவர்கள். ஐஸ் போட இரவில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் குழாயைப் பிடிக்க மற்றவர் இழுக்க, ஒரு வார்த்தை பேசாமல் நான்கு குளிர்காலம் ஐஸ் போட்டிருக்கிறார்கள்! சமாதானம் எப்படி ஆனது என்று கேட்டேன். ஐந்தாவது குளிர்காலம் பம்ப் உடைந்துவிட்டதாம், திட்டிக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததாம்.

ரொம்ப நல்லவராகவே காட்டுகிறேனோ? பிடிவாதக்காரர். என் பெயரைக் கடைசி வரை சரியாகச் சொல்லவில்லை. பூல் 1996-ல் பங்குச் சந்தைக்குப் போனது, 2007-ல் அந்தப் பெயரே மறைந்தது, அதற்குக் காரணமானவர்கள் என்று அவர் முடிவுகட்டிய இரண்டு பேரோடு காபி குடிப்பதையே நிறுத்தினார். ஊரின் மர எலிவேட்டரை, அதாவது உயரமான தானியக் கிடங்கை, இடித்த அன்று எல்லாரும் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள், இவர் மட்டும் வீட்டை விட்டு வரவில்லை.

2009 செப்டம்பரில் பக்கத்துப் பண்ணைக்காரர் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில். பயிர் நிற்கிறது, பனி எப்போது வேண்டுமானாலும் விழும். இரண்டு நாள் போன் போட்டார் பெரியவர். மூன்றாம் நாள் விடியலில் பதினோரு கம்பைன்கள் அந்த வயலில் வரிசையாக நின்றன. ஒரே பகலில் நான்கு குவார்ட்டர். அவருக்கு 85 வயது, தானிய லாரி ஓட்டினார். நான் பிக்கப்பில் பெல்ட்டும் பேரிங்கும் ஏற்றிக்கொண்டு வயலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். யாரும் நன்றி சொல்லவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. மத்தியானம் வரப்போரம் சாண்ட்விச் தின்றபோது, "உனக்கு ஏதாவது ஆனாலும் இப்படித்தான், ஆனால் உன்னிடம் அறுக்க ஒன்றுமில்லையே" என்று சிரித்தார். வந்து மூன்று வருஷத்தில் யாரும் அப்படி என்னைக் கேலி செய்ததில்லை. அன்றைக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

பருப்பையும் சொல்லிவிடுகிறேன். 1980-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் முதலில் லென்டில் போட்டவர்களில் இவர் ஒருவர், சாஸ்கட்சுவான் பல்கலைக்கழகம் 1978-ல் விட்ட லேர்ட் ரகம். முப்பது வருஷம் விளைத்தும் தின்றதில்லை! ஒருநாள் ஐஸ்கிரீம் வாளி நிறையச் சிவப்பு லென்டிலைக் கொண்டுவந்து, இதை என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார். நம் மைசூர்ப் பருப்பு. பூண்டும் சீரகமும் தாளித்துப் போட்டு மனைவி கடைந்து கொடுத்தாள். ரொட்டியில் தொட்டுத் தின்றுவிட்டு, இவ்வளவு நாளும் வேறு யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தேனே என்றார்.

2018 ஜனவரியில் இறந்தார், 93 வயது. சாவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் பத்து நாள் இடைவெளி, அது இங்கே சாதாரணம். மைனஸ் 38 குளிரில் முன்னூறு பேருக்கு மேல் வந்தார்கள். நிலம் உறைந்திருந்ததால் சாம்பலை மே மாதம்தான் புதைத்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கருநிறத்தில் எளிமையாக உடுத்துங்கள், வாசலில் உள்ள புத்தகத்தில் பெயர் எழுதுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டவரின் பிள்ளைகளிடம் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த சின்ன விஷயம் ஒன்று சொல்லுங்கள், என்ன பாட்டு முணுமுணுத்தார், எதற்குச் சிரித்தார் என்று. அவர்களுக்கு அது தெரிந்திருக்காது. நோய் விவரம் மட்டும் வாயில் வரக்கூடாது, உங்கள் வேலைக்கு ஆபத்து. அடுப்பு எரியாத சாவு வீடு இல்லை இது, கட்டாயம் சாப்பிடுங்கள். முட்டை சாண்ட்விச், ஹாம், ஊறுகாய் வெள்ளரி, டெயின்டீஸ் என்று குட்டிக் குட்டி இனிப்புத் துண்டுகள். சாப்பிட்டு முடித்ததும் மேசையில் உட்கார்ந்திருக்காமல் சமையலறைப் பக்கம் போய் ஒரு துணியை எடுத்துத் தட்டு துடைக்கத் தொடங்குங்கள். யாரையும் கேட்க வேண்டாம்.

எல்லாரும் அப்படி ஒட்டிக்கொள்வார்கள் என்று சொல்லமாட்டேன். பதினைந்து வருஷம் கழித்தும், எதிரே வண்டியில் வரும்போது வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குவதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள்.

ஏதாவது கொண்டுபோவதென்றால் கேசரி கிளறிச் சதுரமாக வெட்டிக் கொண்டுபோங்கள், காரம் வேண்டாம். நம் ஊரில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அதுபோல அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள். நாங்கள் பெரியவரின் கூட்டத்துக்குக் கொண்டுபோன எவர்சில்வர் தட்டில் எழுத மறந்துவிட்டோம். அது இன்னும் அந்த ஹால் அலமாரியில்தான் இருக்கிறது.