டெக்சா ஸ்கேன் சொல்லும் கொழுப்புக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். 19 வயதாகும் என் மகள் குத்துச்சண்டையில் 50 கிலோ பிரிவில் போட்டியிடுகிறாள். பயிற்சியாளர் சொல்லி எடுத்த டெக்சா ஸ்கேனில் கொழுப்பு 22 சதவீதம் என்று வந்தது. ஆறு வாரம் இரவுச் சாப்பாட்டை விட்டு 1 கிலோ குறைந்த பிறகு, வேறொரு மையத்தில் எடுத்தால் 24 சதவீதம் என்கிறார்கள். ஒழுங்காக உழைக்கவில்லை என்று திட்டு வாங்கி அழுகிறாள். 4 மாதமாக மாதவிலக்கும் இல்லை. கடும் பயிற்சியில் அது சகஜமாமே? மறுபடி ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு பாதிக்குமா?

பதில்: அந்த இரண்டு எண்களை வைத்து உங்கள் மகளைக் குறை சொல்ல இடமே இல்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். டெக்சா கருவி, ஆற்றலில் வேறுபட்ட இரண்டு எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி, அவை உடலில் எவ்வளவு தடுக்கப்படுகின்றன என்பதைக் கொண்டு எலும்பு, கொழுப்பு, கொழுப்பில்லாத திசு என்று பிரித்துக் கணக்கிடுகிறது. எலும்பு குறுக்கிடும் இடங்களில் கொழுப்பை நேராக அளக்க அதனால் முடியாது. பக்கத்தில் உள்ள சதையைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறது. இந்தக் கணக்குமுறை கருவிக்குக் கருவி மாறும் என்பதால், ஒரு மையத்தின் 22-ஐயும் இன்னொரு மையத்தின் 24-ஐயும் ஒப்பிடவே கூடாது.

கொழுப்பில்லாத திசு என்பதில் தசையோடு நீரும் சேர்த்தி. ஸ்கேனுக்குச் சற்று முன் 1 லிட்டர் தண்ணீர் குடித்தால் அதுவும் அந்தக் கணக்கில்தான் ஏறும். வியர்வை உடுப்போடு ஓடிவிட்டு வந்து படுத்தால், நீர் வற்றி, கொழுப்பின் சதவீதம் கூடியதுபோலத் தோன்றும். உதடு காய்ந்து, புறங்கையில் கிள்ளிய தோல் உடனே படியாத நிலையில் ஸ்கேன் மேசையில் ஏறிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மறுபடி எடுப்பதானால் அதே மையத்தில், அதே கருவியில், காலையில் வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்து, மூக்குத்தி, கொலுசைக் கழற்றிவிட்டு, சில மாத இடைவெளியில் எடுங்கள். அப்போதும் 1 சதவீத மாற்றம் அளவுப் பிழையாகவே இருக்கலாம்.

கதிர்வீச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். முழு உடல் டெக்சாவில் வழக்கமாக 10 மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவுதான். இயற்கையிலிருந்து நாம் ஓரிரு நாளில் பெறும் அளவு அது. கர்ப்பம் இருக்க வாய்ப்பிருந்தால் மட்டும் எடுக்கக் கூடாது.

என்னைக் கவலைப்படுத்துவது அந்த 4 மாதம்தான். அது சகஜமில்லை, அம்மா. பயிற்சிக்கு ஈடான உணவு கிடைக்காதபோது உடல் முதலில் மாதவிலக்கை நிறுத்துகிறது; ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, எலும்பு வலுப்பெற வேண்டிய வயதிலேயே வலுவிழக்கிறது. விளையாட்டு வீரர்களிடம் காணும் இந்த ஆற்றல் குறைபாட்டைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே எச்சரிக்கையாக முன்வைத்தது. இந்த வாரமே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் உள்ளிட்ட ரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும். எலும்பு அடர்த்தியைப் பார்க்க முழு உடல் ஸ்கேன் போதாது. முதுகெலும்பையும் இடுப்பையும் தனியே எடுத்து, அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். அவரைப் போன்ற வீராங்கனைக்கு அது மைனஸ் 1-க்குக் கீழே இருந்தாலே மேலும் ஆராய வேண்டும். டெக்சாவினால் அவருக்கு உண்மையான பயன் இங்கேதான்.

இரவுச் சாப்பாட்டை இன்றே திரும்பத் தொடங்கட்டும். பயிற்சி முடிந்தவுடன் சோறும் முட்டையும், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும், காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும் நல்லவை. 50 கிலோ பிரிவு அவருடைய உடலுக்குப் பொருந்துமா என்பதைப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பேசுங்கள். தேவையானால் நான் எழுதியதைக் காட்டுங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தால், அன்றே ஓட்டத்தையும் ஸ்கிப்பிங்கையும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.