தேனீப் பெட்டி பாக்கப் போறப்போ சாமான எப்படி எடுத்துட்டுப் போறது?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல மூணு இடமா 40 பெட்டி வச்சிருக்கேன், அடுக்குத் தேனீ. பைக்லதான் போவேன். எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டுக் கட்டிட்டுப் போறேன், அங்க போனா ஒண்ணு இருந்தா ஒண்ணு இல்ல. கத்தி சருகுக்குள்ள விழுந்து இதுவரைக்கும் மூணு போயாச்சு. போன வாரம், தேனீய அடக்கப் புகை விடுற புகைப்பான் சாக்கையே பொசுக்கிருச்சு. ஆன்லைன்ல தேனீ கிட்னு ஒரு பெட்டி நிறைய சாமானோட வருது, வாங்கலாமா?

பதில்: அண்ணே, முதல்ல அந்த கிட்ட மறந்துருங்க. அது பெரும்பாலும் இத்தாலியத் தேனீக்குன்னு செஞ்சது. இத்தாலியன் மரப்பிசின் கொண்டாந்து, அடை கட்டுற சட்டத்தையும் பெட்டியையும் சேத்து ஒட்டி வச்சிரும், அத நெம்புறதுக்குத்தான் அந்தக் கனமான இரும்பு உளி. நம்ம அடுக்குத் தேனீக்குப் பிசின் சேக்குற பழக்கமே இல்ல, ஒரு சின்னக் கத்தி போதும், சட்டத்த ரெண்டு விரல்ல தூக்கிரலாம்.

உங்க பிரச்சனை சாமான் கம்மிங்கிறது இல்ல, எல்லா வேலைக்கும் ஒரே சாக்குங்கிறதுதான். பெட்டி பாக்கப் போற நாளுக்கு ஒண்ணு, தேன் எடுக்குற நாளுக்கு ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிச்சு வைங்க. பாக்கப் போற நாளுக்கு மூடியோட இருக்குற 20 லிட்டர் பெயின்ட் வாளி நல்லது, நல்லாக் கழுவிட்டு சாமானுக்கு மட்டும் வச்சுக்கோங்க, தேன மட்டும் அதுல ஊத்திராதீங்க. உள்ள ரெண்டு கத்தி, பிடியில சிவப்புப் பெயின்ட் அடிச்சு ஒரு முழக் கயிறு கட்டி வாளி கைப்பிடியிலயே முடிஞ்சுருங்க, அப்புறம் சருகுக்குள்ள தேட வேண்டாம். மெத்துனு ஒரு பிரஷ், ராணிய அடைக்க ஒரு காலித் தீப்பெட்டி, ஈரத்துணி, சாக்பீஸ், பழைய அடைத் துண்டு போட மூடி போட்ட ஒரு டப்பா. அந்தத் துண்ட அங்கேயே வீசிட்டு வராதீங்க, மெழுகுப் பூச்சியும் எறும்பும் அத மோப்பம் புடிச்சே வந்துரும். முகவலை கடைசியா எல்லாத்துக்கும் மேல இருக்கணும், அடியில போட்டா கம்பி நசுங்கி வலை மூக்குல ஒட்டும், ஒட்டுன இடத்துலதான் கொட்டும்.

புகைப்பான வாளிக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. நானும் ஒரு தடவை அணைஞ்சிருச்சுன்னு நெனச்சு பைக் முன்னாடி சாக்குல வச்சு வந்து, பாதி வழியில முட்டி சூடாகுதேன்னு குனிஞ்சு பாத்தா சாக்கு கனிஞ்சுகிட்டு இருக்கு. உள்ள இருக்குற தேங்காய்க் கதம்பை வெளிய தெரியாம ரொம்ப நேரம் கனியும். அதனால வேலை முடிஞ்சதும் புகைப்பான் மூக்குல பச்சை இலையக் கசக்கி அடைச்சு, மூடி உள்ள தகர டின்னுக்குள்ள இறக்கி, பின்னாடி கேரியர்ல கட்டுங்க. ரப்பர் இலை உதிர்ற டிசம்பர், ஜனவரில தோட்டம் முழுக்க சருகு, ஒரு பொறி போதும், அந்த ரெண்டு மாசமும் 2 லிட்டர் தண்ணி இல்லாம தோட்டத்துக்குள்ள காலே வைக்காதீங்க.

இன்னொண்ணு, ஒரே கத்தியால 40 பெட்டியையும் தொறந்துட்டே போவீங்கதானே, அதுதான் எனக்கு பயம். 1991, 92ல தாய்லாந்து சாக்புரூட்னு தேனீப் புழுவக் கொல்ற வைரஸ் வந்து நம்ம பக்கம் பெட்டி பெட்டியா காலியானது உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். புழு பை மாதிரி ஊதி, தலையத் தூக்கிட்டு செத்துக் கிடந்தா, அந்தப் பெட்டியக் கடைசியாத் தொடுங்க, கத்திய புகைப்பான் நெருப்புல சுட்டுட்டு, கையையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்க. மூணு இடத்துக்கும் மூணு கத்தின்னு வச்சிட்டா இன்னும் நல்லது, என்ன பெரிய காசு.

எந்தப் பெட்டிக்கு என்ன செஞ்சோம்னு நோட்டுல எழுதுறேன்னு எல்லாரும் சொல்லுவாங்க, தேன் பட்ட கையோட எவன் எழுதுவான். பெட்டி மேல கல்லு வைங்க. ஒரு கல்லுன்னா சரியா இருக்கு, ரெண்டுன்னா சர்க்கரைப் பாகு வைக்கணும், மூணுன்னா ராணியப் பாக்கணும். அடுத்த தடவை தூரத்துல வரும்போதே தெரிஞ்சிரும், வாளியில எத எடுக்கணும்னு.

தேன் எடுக்குற நாளு தனிக்கதை. ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும் கொழுந்து இலைக் காம்புல சுரக்குற தேன்தான் நமக்கு வரவு, அப்போ அடையில இருந்து தேனப் பிரிக்கிற எக்ஸ்ட்ராக்டர், அடை மேல மூடியிருக்குற மெழுகச் சீவுற கத்தி, கத்திய முக்க சுடுதண்ணி ஃபிளாஸ்க், வடிகட்டி, மூடி போட்ட கேன் எல்லாம் ஒரே லோடு. பைக்ல இத ஏத்தி வித்தை காட்டாதீங்க. தேன் பட்டது எதுவா இருந்தாலும் மூடியே இருக்கணும், தொறந்து வச்சா மத்த பெட்டித் தேனீயும் வந்து மொச்சிரும், அப்புறம் ஒரு பெட்டிய இன்னொரு பெட்டி கொள்ளையடிக்க ஆரம்பிச்சா அன்னிக்கு வேலை அவ்ளோதான். மூணு இடத்துக்கும் நடுவுல யார் வீட்லயாவது கதவு சாத்துற மாதிரி ஒரு ரூம் கேட்டுப் பாருங்க, எக்ஸ்ட்ராக்டர் சீசன் முழுக்க அங்கயே கிடக்கட்டும், நீங்க சட்டத்த மட்டும் மூடுன பெட்டியில கொண்டு போங்க. வாடகையா அவங்களுக்கு ரெண்டு பாட்டில் தேன் குடுத்தாப் போதும், தினம் ஆட்டோக்காரருக்குக் குடுக்குறதுக்கு அது லாபம்.