எஸ்எஸ்டி ஃபர்ம்வேரும் குறையும் வேகமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் எஸ்எஸ்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் வந்திருப்பதாக அறிவிப்பு வருகிறது. டிரைவில் எந்தக் குறையும் தெரியவில்லை. இருந்தும் புதுப்பிக்க வேண்டுமா?

பதில்: எஸ்எஸ்டி என்பது ஃபிளாஷ் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்; ஃபர்ம்வேர் என்பது அதற்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள். புதிய பதிப்போடு தயாரிப்பாளர் வெளியிடும் குறிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். தரவு இழப்பு, டிரைவ் திடீரென்று கண்ணில் படாமல் போவது, எழுத முடியாத நிலைக்குப் போவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அக்குறிப்பில் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். உங்களிடம் இல்லாத ஒரு மதர்போர்டோடு பொருந்தாமையைச் சரிசெய்ததாக மட்டும் இருந்தால் அவசரம் இல்லை.

நன்றாக ஓடுவதைத் தொடக் கூடாது என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் எஸ்எஸ்டியில் சில குறைகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, குறித்த மணி நேரம் இயங்கியபின் வெளிப்படுகின்றன. குருஷியல் எம்4 டிரைவுகள் ஏறத்தாழ 5,184 மணி நேரம் இயங்கியபின் பதிலளிக்காமல் நின்றன; கணினியை மீண்டும் தொடங்கினால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நின்றன. 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் அதைத் தீர்த்தது. 2019 நவம்பரில் ஹியூலட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் தன் சர்வர் எஸ்எஸ்டிகள் சிலவற்றைப் பற்றி எச்சரித்தது இதைவிடக் கடுமையானது: 32,768 மணி நேரம் இயங்கியதும் டிரைவும் போய்விடும், அதிலுள்ள தரவையும் மீட்க முடியாது. 16 பிட்டில் கூட்டல், கழித்தல் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767; அதைத் தாண்டியதும் மணியை எண்ணும் கணக்கு குழம்பியிருக்க வேண்டும் என்பதை அந்த எண்ணே உணர்த்திவிடும். ஒரே நாளில் ரெய்டு (பல டிரைவுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை) அமைப்பில் பொருத்தப்பட்ட டிரைவுகள் ஏறத்தாழ ஒரே வேளையில் செயலிழக்கும் என்பதால், ஒன்று போனால் மற்றது காக்கும் என்ற ரெய்டின் அடிப்படையே அங்கு பயன்படாமல் போகிறது. இத்தகைய குறையை முன்கூட்டித்தான் தடுக்க முடியும். வந்தபின் ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கு டிரைவ் இருக்காது.

கேள்வி: தயாரிப்பாளரின் மென்பொருள் என் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் டிரைவ் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி உறைக்குள் போட்ட டிரைவுக்கு, அந்த உறையிலுள்ள மாற்றுச் சில்லு ஃபர்ம்வேர் கட்டளைகளைப் பெரும்பாலும் கடத்துவதில்லை. அதைக் கணினிக்குள் நேரடியாகப் பொருத்தித்தான் புதுப்பிக்க வேண்டும். உள்ளே இருந்தும் தெரியவில்லை என்றால், பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை அமைப்புப் பகுதியில்) ரெய்டு அல்லது விஎம்டி (டிரைவுகளைக் கையாளும் இன்டெலின் முறை) இயங்குகிறதா என்று பாருங்கள். அதைச் சட்டென்று மாற்றிவிட வேண்டாம். உரிய டிரைவர் தயாராக இல்லாத நிலையில் மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பென்டிரைவிலிருந்து தொடங்கும் புதுப்பிப்புக் கோப்பையும் தருகிறார்கள். அதை முயல்வதே பாதுகாப்பானது. லேப்டாப்போடு வந்த டிரைவானால், அதன் ஃபர்ம்வேர் லேப்டாப் நிறுவனத்திடமிருந்துதான் வரும். கடையில் தனியாக விற்கும் அதே மாடலின் ஃபர்ம்வேர் பெரும்பாலும் அதில் ஏறாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. லினக்ஸ் பயன்படுத்துவோர் எஃப்டபிள்யூஅப்டி (fwupd) என்ற ஃபர்ம்வேர் புதுப்பிப்புக் கருவியில் தங்கள் டிரைவ் இருக்கிறதா என்று தேடலாம்.

புதுப்பிக்கும் முன் பேக்கப் எடுங்கள். அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புச் சாவியை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் இணைத்திருங்கள். முடிந்தபின் மறுதொடக்கத்தோடு நில்லாமல், ஒருமுறை முழுவதுமாக அணைத்து இயக்கிப் பதிப்பு எண் மாறியதா என்று சரிபாருங்கள்.

கேள்வி: வேகச் சோதனையில் டிரைவ் முழு வேகம் காட்டுகிறது. ஆனால் பழைய படங்களைத் திறந்தால் மட்டும் திணறுகிறது. இது என் கற்பனையா?

பதில்: கற்பனை அல்ல. வேகச் சோதனை மென்பொருள் அப்போதே ஒரு கோப்பை எழுதி, அதையே படித்து அளக்கிறது. உங்கள் சிக்கல் பழைய தரவில் இருக்கிறது. புதிதாக எழுதிய கோப்பில் அது தெரியவே தெரியாது.

ஃபிளாஷ் செல் ஒவ்வொன்றும் மின்னூட்டத்தின் அளவாகத் தரவை வைத்திருக்கிறது. செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையில் ஒரு செல்லுக்குள் எட்டு நிலைகள், நான்கு பிட் வைக்கும் கியூஎல்சியில் பதினாறு. நாள் செல்லச் செல்ல மின்னூட்டம் சற்று நகர்கிறது. நிலைகளுக்கிடையே இடைவெளி குறுகியிருப்பதால், டிரைவை நிர்வகிக்கும் சில்லான கன்ட்ரோலர் அளவுகோலை மாற்றி மாற்றி மீண்டும் படிக்கவும், பிழை திருத்தக் கணக்குகளை நீட்டிக்கவும் நேர்கிறது. தரவு சரியாகவே வந்து சேரும், தாமதமாக. சாம்சங் 840 ஈவோவில் 2014இல் இதுவே பெரிய அளவில் வெளிப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த திருத்தம் சிலருக்கு நிலைக்கவில்லை. 2015 ஏப்ரலில் வந்த ஃபர்ம்வேர், பழைய தரவை டிரைவே அவ்வப்போது மீண்டும் எழுதிக்கொள்ளும் வழியைச் சேர்த்தது. அந்த வேலை நடக்க டிரைவுக்கு மின்சாரமும் ஓய்வு நேரமும் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

நீங்களே சோதிக்கலாம். ஓராண்டாகத் தொடாத ஒரு பெரிய கோப்பை வேறொரு வேகமான டிரைவுக்கு நகலெடுத்து நேரத்தைக் குறியுங்கள். பிறகு அதே அளவுள்ள புதிய கோப்பை, கணினியை மறுதொடக்கம் செய்தபின் நகலெடுங்கள். இல்லையேல் அது ரேம் நினைவகத்திலிருந்தே வந்துவிடும். வேறுபாடு பெரிதாக இருந்தால், புதிய ஃபர்ம்வேர் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய கோப்புகளை வெளியே நகலெடுத்து, அழித்து, மீண்டும் எழுதினால் வேகம் திரும்பும்.

கேள்வி: பெரிய கோப்பை எழுதும்போது தொடக்கத்தில் இருக்கும் வேகம் சிறிது நேரத்தில் சரிந்துவிடுகிறது. ஃபர்ம்வேர் இதைத் தீர்க்குமா?

பதில்: பெரும்பாலும் தீர்க்காது, ஏனெனில் இது குறை அல்ல. டிரைவ் தன் செல்களில் ஒரு பகுதியை, செல்லுக்கு ஒரு பிட் மட்டும் எழுதும் விரைவுத் தாங்கலாக வைத்துக்கொள்கிறது. அது நிரம்பியதும் ஃபிளாஷின் உண்மையான வேகம் தெரியவருகிறது. கியூஎல்சி டிரைவுகளில் அது ஹார்ட் டிஸ்கின் வேகத்தையும்விடக் குறையலாம். பல மாடல்களில் இந்தத் தாங்கல் காலி இடத்திலிருந்தே உருவாவதால், டிரைவ் நிறைய நிறையத் தாங்கலும் சுருங்கும். ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள் என்பது என் பரிந்துரை. சரிவு வரும் நேரத்தில் வெப்பநிலையையும் பாருங்கள், மதர்போர்டில் நேரடியாகச் செருகும் எம்.2 டிரைவுகள் அதிகம் சூடானால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கு ஹீட்சிங்க் எனும் வெப்பம் கடத்தும் உலோகத் தகடு போதும்.

கேள்வி: மாதந்தோறும் டிஃபிராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது) செய்கிறேன். சரியா?

பதில்: நிறுத்திவிடுங்கள். எஸ்எஸ்டிக்குத் தேவை டிரிம்: அழிக்கப்பட்ட கோப்புகளின் இடம் இனி வேண்டாம் என்று கன்ட்ரோலருக்குத் தெரிவிக்கும் கட்டளை. விண்டோஸில் டிரைவ் மேம்படுத்தும் பகுதி, எஸ்எஸ்டி என்று அறிந்தால் தானே டிரிம் அனுப்பும். ஆனால் அந்தப் பட்டியலில் உங்கள் டிரைவ் ஹார்ட் டிஸ்க் என்று தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். லினக்ஸில் எஃப்எஸ்டிரிம் (fstrim) டைமர் வாரம் ஒருமுறை இதைச் செய்யும். அது இயக்கத்தில் இருந்தால் போதும்.

கேள்வி: மென்பொருள் காட்டும் டிரைவின் மீதி ஆயுள் சதவீதம் வேகமாகக் குறைந்தது. ஃபர்ம்வேர் மாற்றினால் பழைய எண் திரும்புமா?

பதில்: திரும்பாது. சாம்சங் 990 ப்ரோவில் இந்தக் குறை எழுந்தபோது 2023 பிப்ரவரியில் வந்த ஃபர்ம்வேர் மேற்கொண்டு வேகமாகக் குறைவதைத்தான் நிறுத்தியது. இழந்த சதவீதத்தை மீட்டுத் தரவில்லை. அதுபோலவே, படிக்க மட்டும் முடிகிற நிலைக்கு ஏற்கெனவே போய்விட்ட டிரைவில் ஃபர்ம்வேரை ஏற்றிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். படிக்க முடிகிற வரையில் எல்லாவற்றையும் வேறு டிரைவுக்கு நகலெடுத்துவிட்டு, அதன்பின் வாரன்டிக்கு அனுப்புங்கள்.