ஒரு நாள் விட்டு ஒரு நாள்

வணக்கம்.

வயது 54. ரத்த அழுத்தத்துக்காக ஆறு வருடமாக அட்டினலால் 50 மில்லிகிராம், காலையில் ஒன்று. கூடவே இன்னொரு பிபி மாத்திரையும் உண்டு. கை கால் ஜில்லிட்டுப் போகிறது, மாடி ஏறினால் கால் கனக்கிறது, முடியும் கொட்டுகிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கே இந்த வகை மாத்திரை தேவையில்லை என்று செய்தியில் படித்ததும், எனக்கெதற்கு என்று தோன்றிவிட்டது. திடீரென்று நிறுத்தக் கூடாது என்று தெரியும். அதனால் பத்து நாளாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன். போடாத நாளின் இரவிலும் மறுநாள் விடியற்காலையிலும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? மூச்சுப் பயிற்சி உதவுமா? இன்னும் எத்தனை நாளில் முழுதாக விடலாம்? மருத்துவரிடம் சொல்லவில்லை, திட்டுவார்.

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

மருத்துவர் திட்டுவார் என்று பயந்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலையை நானே செய்துவிடுகிறேன்.

கொஞ்ச நாளாகவே ‘குறைப்பது’ என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. மாத்திரையைக் குறை என்றால் ஒருவர் அளவைக் குறைக்கிறார், இன்னொருவர் நாட்களைக் குறைக்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் ஏராளம். நீங்கள் இரண்டாவது ஆள். பத்து நாளில் ஐந்து மாத்திரை, ஆக பாதியாகிவிட்டது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். மளிகைக் கடையில் அந்தக் கணக்கு செல்லும்.

ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அட்டினலாலின் பாதி ஆறேழு மணி நேரத்தில் வெளியேறிவிடும். மீதியில் பாதி அடுத்த ஆறேழு மணியில். இப்படியே போனால் 24 மணி நேரம் கழித்து மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தினமும் போடுகிறவருக்கு அந்த நேரத்தில் அடுத்த மாத்திரை வந்து சேர்ந்துவிடும். உங்களுக்கு வருவதில்லை. 48 மணி நேரம் ஆகும்போது நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த நாற்பத்தெட்டாவது மணிதான் உங்கள் விடியற்காலை. தினமும் 25 மில்லிகிராம் போட்டிருந்தாலும் பத்து நாளில் உள்ளே போவது இதே மொத்த அளவுதான். ஆனால் அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் ரத்தத்தில் மிஞ்சி நிற்கும் மருந்து இதைவிட ஐந்து மடங்குக்கும் மேல் இருந்திருக்கும். நீங்கள் மருந்தைக் குறைக்கவே இல்லை. பத்து நாளில் ஐந்து முறை திடீரென்று நிறுத்தி, ஐந்து முறை முழு அளவில் தொடங்கியிருக்கிறீர்கள்.

இதில் இதயம் ஏன் கோபித்துக்கொள்கிறது? அட்டினலால் ‘பீட்டா பிளாக்கர்’ வகை மருந்து. இந்த வகை, அட்ரீனலின் போடும் சத்தம் கேட்காதபடி இதயத்தின் காதில் வைத்த பஞ்சு. வருடக்கணக்கில் சத்தம் மந்தமாகவே கேட்டால் இதய செல்கள் சும்மா இருப்பதில்லை. அட்ரீனலினைப் பிடிக்கும் ஏற்பிகளை இன்னும் கூடுதலாக முளைக்க வைத்துக்கொள்கின்றன, அதாவது கூடுதல் காதுகள். பஞ்சை ஒரே நாளில் பிடுங்கினால் வழக்கமான அட்ரீனலினே அத்தனை காதிலும் இரைச்சலாக விழும். நாடி எகிறும், அழுத்தம் ஏறும், கை நடுங்கும். ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரைகூடப் போகலாம். 1970களிலேயே இது பதிவாகிவிட்டது. அமெரிக்காவில் இந்த மருந்துகளின் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். அடைப்பு இருப்பது பலருக்கு வெளியே தெரியாது என்பதால், பிபிக்கு மட்டும் சாப்பிடுகிறவரும் மெதுவாகத்தான் நிறுத்த வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கூடுதல் காதுகள் உதிர நாள் பிடிக்கும். அளவைப் படிப்படியாகக் குறைப்பது அந்த நாட்களை உடம்புக்குக் கொடுப்பதற்குத்தான்.

அடிமை என்ற சொல்லை விடுங்கள். ஏக்கமும் இல்லை, போதையும் இல்லை. உடம்பு தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எப்படி? உங்கள் 50க்கு மருத்துவர்கள் பொதுவாகப் போகும் வழி: தினமும் 25, ஒன்றிரண்டு வாரம். பிறகு 25 மாத்திரையில் பாதி, அதாவது தினமும் பன்னிரண்டரை, இன்னும் ஒன்றிரண்டு வாரம். பிறகு நிறுத்தம். நெஞ்சுவலி வரலாறு இருந்தால் படிகள் இன்னும் சிறிதாகும், நாட்கள் நீளும். கடைசிப் படியில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள், ‘இத்துனூண்டு மாத்திரை என்ன செய்துவிடும்’ என்று. பீட்டா பிளாக்கரில் சின்ன அளவே பெரிய வேலை செய்யும். 100லிருந்து 50க்கு வருவது பல சமயம் தெரியாமலே போகும், பன்னிரண்டரையிலிருந்து பூஜ்யத்துக்கு வருவதுதான் தெரியும். கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று தூளாகவும் போகும், மாத்திரை கட்டர் வாங்குங்கள். இது அட்டினலால் பற்றியது மட்டும். இன்னொரு பீட்டா பிளாக்கரான மெட்டோப்ரோலாலில் மெல்லக் கரையும் வகையைக் கோடு இருந்தால் கோட்டில் உடைக்கலாம், பொடிக்கவோ கடிக்கவோ கூடாது. அதே வகையைச் சேர்ந்த ப்ரோப்ரனலாலின் மெல்லக் கரையும் கேப்ஸ்யூலை நசுக்கவே கூடாது.

ஒவ்வொரு படியிலும் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிபியை ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. மாலையிலும் அப்படியே. நாடி கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான், அது உங்கள் சொந்த நாடி திரும்பி வருவது. உட்கார்ந்திருக்கும்போதே 100ஐத் தாண்டி நின்றால் அடுத்த படிக்குப் போகாமல் மருத்துவரை அழையுங்கள். பெரும்பாலும் முந்தைய படிக்குத் திரும்பி, இன்னும் மெதுவாக இறங்கச் சொல்வார். நெஞ்சு இறுகினால், மூச்சு திணறினால், மயக்கம் வந்தால் நோட்டை மூடிவிட்டு நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். அந்த வாரங்களிலும், நிறுத்திய பின் இரண்டு வாரமும் கடும் உடற்பயிற்சி வேண்டாம். சளிக்கு வாங்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை வேண்டவே வேண்டாம்.

முடி கொட்டுவது இந்த மருந்தால் சிலருக்கு உண்டு, அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நல்லது. ஆனால் அது மாத்திரைக்கு மாற்று இல்லை. இந்த மாத்திரை இறக்கி வைத்திருந்த அழுத்தத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதைத் தொடங்கும் முன்பே மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் படித்த செய்தி பாதி உண்மை. 2024ல் வந்த ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வு, இதயத்தின் பம்ப் பலம் குறையாத மாரடைப்பு நோயாளிகளுக்குப் புதிதாகத் தொடங்குவதில் பலன் தெரியவில்லை என்றது. அதே ஆண்டில் பிரான்சின் அபிஸ் ஆய்வு வேறு கேள்வி கேட்டது: ஏற்கெனவே சாப்பிடுகிறவர் நிறுத்தினால்? சுமார் 3,700 பேரில், நிறுத்துவது தொடர்வதற்கு நிகர் என்று நிரூபணமாகவில்லை. நிறுத்தியவர்களின் பிபியும் நாடியும் ஏறின. தொடங்காமல் இருப்பதும் தொடங்கியதை நிறுத்துவதும் ஒன்றில்லை. இதயம் பலவீனமானவர்களுக்கோ சில பீட்டா பிளாக்கர்கள் ஆயுளையே நீட்டுகின்றன, அவர்கள் தெம்பாக இருக்கிறதென்று விட்டுவிடக் கூடாது. உங்கள் கதை இவை இரண்டும் இல்லை. பிபிக்கு மட்டும் என்றால் இதைவிட நல்ல முதல் மாத்திரைகள் உண்டு. ஜில்லிட்ட கையையும் கனத்த காலையும் காட்டி மாற்றித் தரச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதைத் திருட்டுத்தனமாக ஏன் செய்ய வேண்டும்?

இன்றே அழைத்து, இந்தப் பத்து நாள் விஷயத்தையும் படபடப்பையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். தினசரி அளவுக்குத் திரும்பி அங்கிருந்து இறங்கச் சொல்வார் என்பது என் ஊகம். முடிவு அவருடையது.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது: அந்த ‘இன்னொரு பிபி மாத்திரை’ எது? ஸ்ட்ரிப்பை எடுத்துப் பாருங்கள். குளோனிடின் என்று இருந்தால், அதை நீங்களாக ஒருநாள்கூட விட்டுவிடாதீர்கள். இரண்டையும் நிறுத்துவதானால் முதலில் பீட்டா பிளாக்கரை மெல்ல முடித்து, சில நாள் கழித்துத்தான் குளோனிடினில் கை வைப்பார்கள். வரிசை மாறினால் பிபி கட்டுமீறி எகிறும். வெராபமில் அல்லது டில்டியாசெம் என்று இருந்தால் அவையும் நாடியைக் குறைப்பவை, மருத்துவர் கணக்கு வேறு மாதிரி போடுவார். கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்து விடுகிறீர்களா? அதுவும் பீட்டா பிளாக்கர்தான், கண் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.