முனைவர் பட்ட ஆய்வுக்காக வெளிநாடு செல்ல: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டில் நடந்த மிஷன் பள்ளிகளைப் பற்றி உங்கள் மகள் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார் என்றும், அதற்கான மூல ஆவணங்கள் ஜெர்மனியில் இருப்பதால் சில மாதங்கள் அங்கே சென்று தங்க வேண்டும் என்று நெறியாளர் சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. வேண்டாம் என்பதே என் பதில். வங்கிகள் கல்விக்கடன் தருவது பெரும்பாலும் ஒரு படிப்பில் சேர்ந்ததற்கான அனுமதிக் கடிதத்தையும் கட்டண விவரத்தையும் பார்த்துத்தான். காப்பகத்தில் உட்கார்ந்து பழைய கடிதங்களைப் படிக்கப் போகும் ஆய்வாளரிடம் இவை இரண்டும் இருக்காது. அதனால் நீங்கள் வாங்கப்போவது வட்டி அதிகமான வேறு வகைக் கடனாகவே முடியும். மேலும், இந்த வகைப் பயணத்துக்குக் கடன் வாங்க வேண்டிய தேவையே பொதுவாக எழுவதில்லை. உலகெங்கும் இதற்கென்றே உதவித்தொகைகள் உள்ளன.

உறவினர் ஒருவர் சொன்னதாக நீங்கள் குறிப்பிட்ட, இந்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதுகலையோ முனைவர் பட்டமோ முழுமையாகப் படிப்பவர்களுக்கானது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு சில மாதங்கள் மட்டும் வெளியே சென்று திரும்பும் உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. அவர் தேட வேண்டியது குறுகிய கால ஆய்வு உதவித்தொகை, காப்பகங்கள் தாமே தரும் உதவித்தொகை, மொழிப் பயிற்சிக்கான உதவி, கருத்தரங்கப் பயண உதவி ஆகியவற்றை.

அமெரிக்கா செல்வதற்கான ஃபுல்பிரைட் உதவித்தொகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கென ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு உதவித்தொகை உள்ளது. 6 முதல் 9 மாதங்கள் அமெரிக்காவில் தங்கி ஆய்வு செய்ய மாதத் தொகை, விமானக் கட்டணம், மருத்துவக் காப்பு எல்லாம் அதில் அடங்கும். மிக நல்ல உதவித்தொகைதான். ஆனால் உங்கள் மகள் பார்க்க வேண்டிய ஆவணங்கள் அமெரிக்காவில் இல்லை. புகழ்பெற்ற பெயர் என்பதற்காக மட்டும் விண்ணப்பித்தால், ஏன் அமெரிக்கா வர வேண்டும் என்ற கேள்விக்கு நேர்காணலில் அவரிடம் பதில் இருக்காது. அதோடு, அந்த உதவித்தொகையில் செல்பவர்கள் ஜே-1 என்ற பரிமாற்ற வருகையாளர் விசாவில் செல்கிறார்கள் என்பதையும், ஆய்வு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருந்த பிறகே அமெரிக்காவின் சில வகை வேலை விசாக்களுக்கோ நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கோ தகுதி பெற முடியும் என்ற நிபந்தனை அவர்களுக்கு உண்டு என்பதையும் பெற்றோர் பலர் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். வேறு ஆய்வாளர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி உங்கள் மகளின் ஆய்வுக்கு வருகிறேன். 1706இல் ஜெர்மன் மிஷனரியான சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தபோது, ஊர் டென்மார்க் நாட்டவரான டேனியர் வசம் இருந்தது. ஆனால் அவரையும் அவருக்குப் பின் வந்தவர்களையும் பயிற்றுவித்து அனுப்பியதில் பெரும்பங்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இருந்த ஃப்ராங்கே நிறுவனங்களுடையது. ஆகவே மிஷனரிகள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஹாலேயில் குவிந்துள்ளன. டேனிய நிர்வாகப் பதிவுகள் கோபன்ஹேகன் தேசியக் காப்பகத்தில் உள்ளன. மிஷனுக்குப் பணமும் அச்சுப்பொறியும் அனுப்பிய லண்டன் எஸ்.பி.சி.கே. (கிறிஸ்தவ அறிவைப் பரப்பும் சங்கம்) என்ற அமைப்பின் ஆவணங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. மூன்று நாடுகளிலும் ஆவணங்கள் இருப்பதால் மூன்றுக்கும் போக வேண்டும் என்று அவர் திட்டமிட்டிருப்பது இயல்பே. ஆனால் ஒரே விண்ணப்பத்தில் மூன்று நாடுகளையும் எழுதினால் தேர்வுக் குழுவுக்கு அது சுற்றுலாத் திட்டம்போலத் தெரியும். ஹாலே மட்டும் முதலில் போதும்.

தேர்வுக் குழு மதிப்பெண்களைப் பார்ப்பது தகுதி உண்டா என்று சரிபார்க்கத்தான். அதன் பிறகு அவர்கள் கேட்பது ஒன்றே: இந்த ஆவணத்தை நேரில் வந்து பார்த்தே ஆக வேண்டிய அவசியம் என்ன? மிஷனரிகளின் அறிக்கைகளைத் தொகுத்து ஹாலேயில் அக்காலத்திலேயே அச்சிட்டார்கள். அந்த அச்சுத் தொகுதிகள் இன்று மின்வடிவில் கிடைக்கின்றன. வீட்டில் இருந்தே படிக்கக்கூடியதைப் படிக்க யாரும் பயணச்செலவு தரமாட்டார்கள். எனவே அவர் முதலில் அச்சில் வந்ததை முழுமையாகப் படித்து முடிக்க வேண்டும்; பிறகு அச்சுக்குப் போகும்போது விடுபட்டவை எவை, கையெழுத்தில் மட்டும் உள்ளவை எவை என்று காப்பகத்தின் பட்டியலைப் பார்த்து, ஆவண எண்களோடு குறித்துக்கொள்ள வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியின் காப்பகத்தையும் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் பார்த்துவிட்டு, அங்கே கிடைக்காதது இன்னது என்று எழுதினால் விண்ணப்பத்தின் எடை கூடும். அருகில் இருப்பதைத் தேடாமல் தொலைவில் இருப்பதைக் கேட்பவரின் கோரிக்கை எளிதில் நிராகரிக்கப்படும்.

அடுத்தது மொழி. இதில்தான் நம் மாணவர்கள் மிகவும் பின்தங்குகிறார்கள். பணம் கிடைத்த பிறகு மொழி கற்கலாம் என்று காத்திருக்கிறார்கள். மொழி தெரியாததாலேயே பணம் கிடைப்பதில்லை. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் அழைக்கும் கோத்தே நிறுவனத்தில் ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 வகுப்பில் இப்போதே அவரைச் சேர்த்துவிடுங்கள். கடன் வாங்குவதற்காக வைத்திருக்கும் அக்கறையில் ஒரு சிறு பங்கை இந்த வகுப்புக் கட்டணத்துக்குச் செலவிட்டால் போதும். ஓர் ஆண்டுக்குள் இடைநிலையான பி1 நிலையைத் தொட முடிந்தால், அந்தச் சான்றிதழே அவர் ஆய்வில் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்று காட்டிவிடும். ஆனால் இன்றைய ஜெர்மன் மட்டும் போதாது. அக்காலக் கடிதங்கள் குர்ரெண்ட் என்ற பழைய கையெழுத்து முறையில் எழுதப்பட்டவை. இன்றைய ஜெர்மானியர் பலருக்கே அது படிக்க வராது. அதைக் கற்பதற்கான எழுத்து அட்டவணைகளும் பயிற்சிப் பக்கங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காப்பகத்தின் மாதிரிப் பக்கம் ஒன்றை அவரே படித்து மொழிபெயர்த்து, அதை விண்ணப்பத்தில் ஒரு பத்தியில் குறிப்பிட்டால், அந்தத் துறையில் உள்ள எந்தத் தேர்வாளரும் அதை எளிதில் கடந்துவிடமாட்டார்.

பணம் எங்கே என்று இப்போது கேட்கலாம். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குச் சில மாதங்கள் தங்கும் குறுகிய கால உதவித்தொகையும், இங்கும் அங்கும் ஒவ்வொரு நெறியாளரின்கீழ் ஆய்வு செய்யும் நீண்ட கால உதவித்தொகையும் தருகிறது. கடைசிப் பட்டம் பெற்று எத்தனை ஆண்டுகள் ஆயின, முனைவர் பதிவு செய்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்ற வரம்புகள் அதற்கு உண்டு. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஹாலே ஃப்ராங்கே நிறுவனங்களிலேயே, தங்கள் காப்பகத்தில் பணிபுரிய வரும் இளம் ஆய்வாளர்களுக்கு டாக்டர் லீசெலோட்டே கிர்ஷ்னர் பெயரில் ஓர் உதவித்தொகை உள்ளது. என் கருத்தில் உங்கள் மகள் முதலில் குறிவைக்க வேண்டியது இதைத்தான், ஏனெனில் இங்கே அவர் பொறியியலாளரோடும் இயற்பியலாளரோடும் போட்டியிட வேண்டியதில்லை. பின்னர் கேம்பிரிட்ஜ் செல்லும் நேரம் வரும்போது, கலை, வரலாறு போன்ற மானிடப் புலத் துறை இந்தியர்களுக்கென்றே 1981இல் தொடங்கப்பட்ட சார்ல்ஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளையைப் பார்க்கலாம். 1916இல் மறைந்த ஒரு கல்கத்தா வணிகரின் சொத்திலிருந்து வரும் பணம் அது.

அவருடைய தோழிகள் அறிவியல் துறையில் இருந்தால், அவர்களுக்கு வழி வேறு: பிரான்சுக்கு ராமன்-சார்பாக் உதவித்தொகை, கருத்தரங்கில் கட்டுரை படிக்க அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையின் பயண உதவி. சீன மொழி கற்க வேண்டியவர்களுக்குத் தைவான் அரசின் ஹுவாயு உதவித்தொகை மாதத் தொகை தருகிறது. விமானக் கட்டணம் அதில் சேராது.

பயண உதவிகளில் பல, முதலில் நாம் செலவழித்து, பயணச்சீட்டையும் போர்டிங் பாஸையும் ரசீதுகளையும் காட்டிய பிறகே திரும்பக் கிடைப்பவை. நீங்கள் குடும்பமாகச் செய்யக்கூடிய உண்மையான பண உதவி, இந்த இடைவெளிக்கான ஒரு தொகையைக் கையில் வைத்திருப்பதே. உங்கள் மகள் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுகிறார் என்றால், வெளிநாட்டில் இருக்கும் மாதங்களுக்கு அது தொடருமா என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும். ஒரே காலத்துக்கு இரண்டு இடங்களில் தொகை பெற்றுவிட்டுப் பின்னர் திருப்பிக் கட்டச் சொல்லும் நிலை வந்தால் ஆய்வே நின்றுவிடும். வெளிநாடு செல்லப் பல்கலைக்கழகத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று காட்டும் தடையின்மைச் சான்றுக்கு நம் பல்கலைக்கழகங்களில் கோப்பு நகரும் வேகம் உங்களுக்கே தெரிந்திருக்கும். அதனால் உதவித்தொகை முடிவுக்காகக் காத்திராமல் முன்பே மனு கொடுத்துவிடலாம்.

தங்கும் காலம் 90 நாட்களுக்குள் என்றால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவே போதும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு அதற்குக் கட்டாயம். அதற்கு மேல் தங்க வேண்டுமானால் ஜெர்மனியின் தேசிய விசா தேவைப்படும், அதற்கு நேரமும் கூடுதலாகும். முதல் பயணத்தை மூன்று மாதத்துக்குள் அடக்கிக்கொள்வது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உதவித்தொகை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் பணம் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். நான் மேலே சொன்ன எதற்கும் இடைத்தரகர் வழியாக விண்ணப்பிக்கும் முறை கிடையாது. ஆய்வுத் திட்டத்தை மகளைத் தவிர வேறு எவர் எழுதினாலும் நேர்காணலில் அது வெளிப்பட்டுவிடும்.

பயணத்துக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். இந்த மாதத்தில் அவர் செய்ய வேண்டியது, தன் ஆய்வுக் கேள்வியையும் பார்க்க விரும்பும் ஆவணங்களின் எண்களையும் குறிப்பிட்டு ஹாலே காப்பகத்துக்கு அரைப் பக்க மின்னஞ்சல் ஒன்று எழுதுவதுதான். நெறியாளர் படித்துப் பார்த்த பிறகு அதை அனுப்பட்டும். அங்கிருந்து வரும் பதிலையும், ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவையும் எடுத்துக்கொண்டு அவரை என்னிடம் வரச் சொல்லுங்கள். எந்த உதவித்தொகைக்கு எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது என்பதை அவற்றை வைத்துக்கொண்டு முடிவு செய்வோம்.