‘ப… ட… இம்’ என்று படிக்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. எல்கேஜி முடித்துவிட்டான். அ முதல் ஔ வரை, 1 முதல் 50 வரை மூச்சு விடாமல் சொல்கிறான். நடுவில் ஒரு எழுத்தைக் காட்டிக் கேட்டால் மட்டும், அ-விலிருந்து ஆரம்பித்துத்தான் அங்கே வந்து சேர்கிறான். ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் ‘ப… ட… இம்’ என்கிறான். பொம்மைக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தும் மணி பார்க்க வரவில்லை. யூகேஜி போவதற்குள் வீட்டில் என்ன செய்யலாம்? அவனுடைய தாத்தா சொல்லிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்த ‘இம்’. அது உங்கள் மகன் செய்த தப்பு இல்லை. க், ங், ச் என்பதை ‘இக், இங், இச்’ என்று ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தது நாம்தான். மெய்யெழுத்தைத் தனியே உச்சரிப்பது சிரமம் என்று முன்னால் ஓர் ‘இ’-யை ஒட்டினோம். சொல்லுக்குள் வரும்போது அந்த ‘இ’-யைக் கழற்றிவிட வேண்டும் என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. அவன் கற்றதை அப்படியே நேர்மையாகப் படிக்கிறான்.

இதை வாயால் சரிசெய்யலாம், நோட்டு வேண்டாம். ‘பட’ என்று சொல்லிவிட்டு உதட்டை மூடச் சொல்லுங்கள். மூடிய வாய்க்குள் ‘ம்ம்ம்’ என்று ஓடுகிறதே, அதுதான் ம். ‘மர’ சொல், வாயை மூடு. ‘பழ’ சொல், வாயை மூடு. ‘ல்’ வேண்டுமென்றால் ‘ப’ சொல்லி நாக்கை மேலே ஒட்டு: பல். சாப்பாடு ஊட்டும்போது நாலு சொல் போதும்.

அப்புறம் அந்த வரிசை. அ-ஆ-இ-ஈ அவனுக்கு இப்போது ஒரு பாட்டு. பாட்டின் நடுவில் ஒரு சொல்லைக் கேட்டால் நாமும் முதல் அடியிலிருந்துதானே முணுமுணுத்துப் பார்ப்போம்? சுவரில் 247 எழுத்து அட்டவணை இருந்தால், தற்காலிகமாகக் கழற்றி வையுங்கள். அ, இ எல்லாம் சுழியும் வளைவுமாகப் பார்க்கவே சிக்கலான எழுத்துகள். ஔ-வுக்கோ, ஔவையாரை விட்டால் நான்கு வயதுப் பிள்ளைக்கு வேறு துணை கிடையாது. ட-விலிருந்து தொடங்குங்கள். ஒரு நிற்கும் கோடு, ஒரு படுக்கும் கோடு, அவ்வளவுதான். வலப்பக்கம் இன்னொரு கோடு ஏற்றினால் ப. அடுத்து ம, ர, கூடவே புள்ளி. இத்தனை போதும், படம், பட்டம், மரம் என்று முழுச் சொற்களே வந்துவிடும். ஒரு சொல்லையாவது தானே படித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தால், அட்டவணை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது உங்களுக்கே புரியும்.

கொம்பு எழுத்துகளுக்கு அவசரப்படாதீர்கள். ‘கெ’-யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது க். ‘கொ’-வில் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. இருபது முப்பது சொல் தடுமாறாமல் படித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நாம் பேசுவது ஒரு தமிழ், அச்சில் இருப்பது இன்னொன்று. ‘பாட்டி வந்தாங்க’ என்று கேட்டே வளர்ந்தவனுக்குப் புத்தகத்தில் ‘வந்தார்கள்’ அந்நியமாகத்தான் இருக்கும். அதனால் இரவில் கதை சொல்லும்போது, ஒரு தடவை அச்சில் உள்ளபடி, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு படியுங்கள். அடுத்த தடவை உங்கள் பேச்சில் சொல்லுங்கள். ஒரே புத்தகத்தைப் பத்து நாள் கேட்டாலும் சலிக்காமல் படியுங்கள். சலிப்பு நமக்குத்தான், அவனுக்கு இல்லை.

எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வந்தால் இந்த வயதில் கவலை வேண்டாம். பென்சிலுக்குப் பதில் தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதட்டும். கூப்பிட்டால் பல தடவை திரும்பவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான், பேச்சு வெளியாட்களுக்குப் புரியவில்லை என்றால் மட்டும், முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

சரி, கடிகாரம். பொம்மைக் கடிகாரத்தை எடுத்து மூன்றரை மணி வைத்துப் பாருங்கள். பெரும்பாலான பொம்மைகளில் இரண்டு முள்ளும் தனித்தனியாகச் சுற்றும். நாம் சின்ன முள்ளை 3-லும் பெரிய முள்ளை 6-லும் வைத்துவிடுகிறோம். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரைக்குச் சின்ன முள் 3-ல் இருக்காது, 3-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கும். பிள்ளை குழம்பாமல் என்ன செய்வான்? பரணில் ஓடாத பழைய சுவர்க் கடிகாரம் கிடந்தால் அதை எடுங்கள். பின்னால் உள்ள திருகைத் திருப்பினால், பெரிய முள் ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்குள் சின்ன முள் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு நகர்வதை அவனே பார்ப்பான்.

அதற்கு முன்னால் ஒரு படி உண்டு. ‘நாளைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனோம்’ என்று சொல்கிற வயது இது. நேற்று, இன்று, நாளை உறைக்காமல் மணி உறைக்காது. இதற்குத் தினசரி காலண்டர்தான் நான் கண்டதில் சிறந்த கருவி. காலையில் தாள் கிழிப்பதை அவன் வேலையாக ஆக்கிவிடுங்கள். கையில் இருக்கும் தாள் நேற்று, சுவரில் தெரியும் பெரிய எண் இன்று, அதன் பின்னால் ஒளிந்திருப்பது நாளை. (ராகுகாலத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது உங்கள் வீட்டு விருப்பம்.) நேரத்தின் நீளம் அடுப்படியில் புரியும்: குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் பொம்மைகளை எடுத்து வைக்கலாம், இட்லி வேகும் பத்து நிமிடம் காத்திருக்கலாம்.

பிறகு ஓர் அட்டையில் 1 முதல் 12 வரை எழுதி, சின்ன முள் மட்டும் குத்துங்கள். முள் 8-க்கு வந்தால் ஸ்கூல் வேன், 1-க்கு வந்தால் சாப்பாடு. முள் எண்ணைத் தாண்டி நிற்கும்போது ‘எட்டு ஆயிடுச்சு, ஒன்பது இன்னும் ஆகல’ என்று சொல்லுங்கள். யூகேஜி முடிவதற்குள் முழு மணியும் அரை மணியும் வந்தாலே நிறைவு. ஐந்து ஐந்தாக எண்ண வராத பிள்ளையிடம் நிமிடம் கேட்பது நியாயமில்லை.

இங்கே தமிழ் நமக்கு ஒரு சலுகை தருகிறது. ஏழு, ஏழேகால், ஏழரை, ஏழேமுக்கால்: எட்டு ஆகும்வரை நம் வாயில் ஏழுதான். சின்ன முள்ளும் அதுவரை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில்தான் நகர்கிறது. ஆங்கிலத்தில் ஏழேமுக்காலை ‘குவார்ட்டர் டு எய்ட்’ என்று எட்டை வைத்துச் சொல்கிறார்கள். பள்ளியில் அது ஒருநாள் வரும், வரட்டும். வீட்டில் முதலில் தமிழில் மணி கேளுங்கள்.

ஒரு நாளைக்கு எழுத்துக்குப் பத்து நிமிடம், அதுவும் அவன் எழுந்து ஓடும்வரைதான். கடிகாரத்துக்குத் தனி நேரமே வேண்டாம். தாத்தாவிடம் இரண்டு வேலையை ஒப்படைத்துவிடுங்கள்: மதியம் ஒரு கதைப் புத்தகம், சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு நடை. போகிற வழியில் கடைப் பலகைகளில் இன்று ‘ம’ எத்தனை என்று இருவரும் எண்ணிக்கொண்டு வரட்டும்.